இடுப்பைக் கடிக்கும் உறை

டீ கிளாஸ் இடது கையில். வலது கை நிமிஷத்துக்கு ஒரு தரம் சட்டைக்கு அடியில் போகிறது, இடுப்பில் எதையோ தூக்கி நகர்த்துகிறது, வெளியே வருகிறது. கிருஷ்ணகிரி டோல்கேட் பக்கத்து டீக்கடை. பெங்களூரா மாங்காய் லோடு லாரிகள் மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு வரிசை கட்டுகிற ஜூன் மாதம். மண்டிக்காரர்களும் தோப்புக் குத்தகைக்காரர்களும் ரொக்கத்தோடு அலைகிற நாட்கள். டீ குடிக்கிற அவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கும், வைத்திருக்கக் காரணமும் இருக்கும். ஆனால் அந்தக் கை அடிக்கடி போய்வந்ததில் கடையில் இருந்த நாலு பேருக்கும் அது என்ன என்று தெரிந்துவிட்டது. இரண்டாவது டீக்கு முன்னால் கார் கதவைத் திறந்தார். சட்டையைத் தூக்கித் துப்பாக்கியை உறையோடு உருவினார். சீட்டுக்கு அடியில் தள்ளிக் கதவைச் சாத்தினார். "தருமபுரியிலிருந்தே கடிக்குதுப்பா" என்று டிரைவரிடம் சொன்னார். டிரைவர், "சரிங்கண்ணா, நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

அந்த ஒரு வரியில்தான் எல்லாம் கைமாறிப் போகிறது. டிரைவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கிடையாது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 32வது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை அதற்கென்று செய்த உறையில் போட்டு உடம்போடு மாட்டியிருக்க வேண்டும், அல்லது அதற்கான பையில் வைத்திருக்க வேண்டும். எப்படி எடுத்துப்போனாலும் முழுக்க மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவருடைய கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். நம் ஊரில் மறைத்து எடுத்துப்போவது ஆளுக்கு ஆள் மாறும் விருப்பம் இல்லை, விதியே அதுதான். சட்டைக்கு மேலே தெரிகிற மாதிரி மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டில் சுற்றுகிறவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

டீக்கடையில் நின்றவரை அலட்சியக்காரர் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தருமபுரியிலிருந்து அவ்வளவு தூரம் பொறுத்துப் பார்த்திருக்கிறார், முடியவில்லை. உறை வாங்கும்போது சௌகரியத்தைக் கடைசியில் பார்ப்பதும், அதைச் சொகுசு என்று நினைப்பதும் தப்பு. உறுத்துகிற உறைக்குக் கை போய்க்கொண்டே இருக்கும், பிறகு அது இடுப்பைவிட்டு இறங்கிவிடும். இடுப்பைவிட்டு இறங்கிய துப்பாக்கிதான் திருட்டுப் போவது, குழந்தை கையில் சிக்குவது, டாஷ்போர்டில் மறந்துபோவது எல்லாம்.

2014இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை நிர்பீக் என்கிற ரிவால்வரைக் கொண்டுவந்தபோது அதன் விலை ரூ.1,22,360. நகைப்பெட்டி மாதிரி மெரூன் நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பெட்டியில் வருவதை இடுப்பில் எப்படி வைப்பது என்பது வாங்கியவர் பாடு. லட்சம் கொடுத்தவர், உறைக்கு என்று வரும்போது கடைக்காரர் எடுத்துப் போடுகிற கேன்வாஸ் பையோடு திருப்திப்பட்டுவிடுகிறார்.

முதலில் பெல்ட்

உறை சரியில்லை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி பெல்ட்டின் குற்றம். நம்மிடம் லைசென்ஸுக்குக் கிடைக்கிற கான்பூர் .32 அங்குலத் துளை ரிவால்வர் ஏறக்குறைய 700 கிராம். நிர்பீக் டைட்டானியம் கலவை என்பதால் 500 கிராம். முதலாவதோடு ஆறு தோட்டாவும் உறையும் சேர்ந்தால் முக்கால் கிலோவைத் தாண்டிவிடும். இதைச் சாதாரண பேன்ட் பெல்ட்டில் தொங்கவிட்டால் அந்த இடத்தில் பெல்ட் முறுக்கிக்கொள்ளும், பிடி வெளிப்பக்கம் சாயும், சட்டையைத் தள்ளிக்கொண்டு தெரியும். சாயாமல் இருக்கட்டும் என்று ஒரு ஓட்டை இறுக்குவார்கள். இறுக்கினால் இடுப்பெலும்பு வலிக்கும். தொடையின் வெளிப்பக்கத்துக்குப் போகிற உணர்வு நரம்பு ஒன்று இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பக்கத்தில் இறங்குகிறது. இறுக்கமான பெல்ட் அதை அழுத்தினால் வெளித்தொடை மரத்துப்போகும், எரியும். "ரிவால்வர் வெச்சா கால் மரக்குது" என்று டாக்டரிடம் போகிறவர் முதலில் பெல்ட்டைத் தளர்த்திப் பார்க்கலாம்.

சரியான பெல்ட் என்றால் ஒன்றரை அங்குல அகலம், அதாவது 38 மில்லிமீட்டர். இரண்டு தோல் பட்டைகளை முதுகோடு முதுகு ஒட்டித் தைத்தது, மொத்தக் கனம் 4 முதல் 5 மில்லிமீட்டர். வாங்கும்போது பெல்ட்டின் ஒரு முனையைப் பிடித்து, அதன் விளிம்பு மேலே இருக்கிற மாதிரி, ஒரு அடி நீளத்தைப் பக்கவாட்டில் நீட்டிப் பாருங்கள். தொங்கிப் போனால் வேண்டாம். இரண்டு கையாலும் பிடித்துத் துணி பிழிகிற மாதிரி முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுக்கிக்கொண்டாலும் வேண்டாம். பெல்ட் 38 என்றால் உறையின் வளையமும் 38க்குத்தான் இருக்க வேண்டும். 45க்குச் செய்த வளையத்தில் 38 பெல்ட்டைக் கோத்தால் நடக்கும்போதெல்லாம் உறை மேலும் கீழும் ஆடும். பேன்ட்டுக்குள் செருகுகிற உறை என்றால் பேன்ட் இடுப்பும் ஒன்றரை, இரண்டு அங்குலம் கூட இருக்க வேண்டும். 36 போடுகிறவர் 38 வாங்க வேண்டும். இந்த இரண்டு அங்குலத்தை விட்டுவிட்டு எவ்வளவு நல்ல உறை வாங்கினாலும் கடிக்கத்தான் செய்யும்.

உறையிடம் என்ன கேட்க வேண்டும்

உறைக்கு மூன்று வேலை உண்டு. டிரிகரை மூட வேண்டும், துப்பாக்கியைப் பிடித்து நிறுத்த வேண்டும், கை போனால் முழுப்பிடி கொடுக்க வேண்டும். மூன்றும் சரியான பிறகுதான் சௌகரியத்தைப் பற்றிப் பேச முடியும். ஆனால் சௌகரியம் இல்லாத உறையில் இந்த மூன்றும் இருந்தும் பயனில்லை.

கடையில் பார்க்கும்போது துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும். கான்பூர் ரிவால்வர் நடுவில் மடங்கித் திறக்கிற வகை. திறந்து ஆறு ஓட்டையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். இஷாப்பூர் தொழிற்சாலையின் அஷானி மாதிரி .32 பிஸ்டல் என்றால் முதலில் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கை, எடுக்க வேண்டும், அப்புறம்தான் மேலே நகரும் ஸ்லைடை இழுத்துத் தோட்டா அறையைப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் அறைக்குள் ஒரு தோட்டா ஏறிவிடும். கழற்றிய தோட்டாக்கள் வேறு ரூமில் இருக்கட்டும்.

காலித் துப்பாக்கியை உறையில் போட்டு, வெளியிலிருந்து டிரிகர் இருக்கிற இடத்தில் கட்டை விரலால் அழுத்துங்கள். உள்ளே டிரிகர் அசைவது தெரிந்தால் அந்த உறையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். நைலான் துணி உறைகளில் பெரும்பாலானவை இதில் தோற்கும். அடுத்து மெத்தைக்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள், துப்பாக்கி விழக்கூடாது. கடைசியாகத் துப்பாக்கியை உருவிவிட்டு உறையின் வாயைப் பாருங்கள். திறந்தபடி நிற்க வேண்டும், சப்பையாகக் கூடாது.

இந்த வாய் விஷயத்தில் நின்று பேச வேண்டும், விபத்துகள் அங்கேதான் நடக்கின்றன. பழைய, தொய்ந்துபோன தோல் உறையில் துப்பாக்கி இல்லாதபோது மேல் விளிம்பு உட்பக்கம் மடங்கிக்கொள்ளும். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு டிரிகர் வளையத்துக்குள் ஒரு நாக்கு மாதிரி நுழையும். மேலிருந்து கை அழுத்த அழுத்த, அந்தத் தோல் நாக்கு விரலின் வேலையைச் செய்துவிடும். குழல் முனை அந்த நேரத்தில் தொடையைப் பார்த்தபடி இருக்கும். சட்டை நுனியும் ஜாக்கெட்டின் கயிறும் இதையே செய்யும். அதனால் வாயைச் சுற்றிக் கூடுதல் தோல் பட்டையோ உள்ளே ஒரு தகடோ வைத்துத் தைத்த உறைதான் வேண்டும். செருகும்போது சட்டையை இடது கையால் நெஞ்சு வரை தூக்கிப் பிடிக்க வேண்டும், கண் உறையைப் பார்க்க வேண்டும், ஆள்காட்டி விரல் குழலை ஒட்டி நீண்டிருக்க வேண்டும். ஏதாவது தடுக்கினால் அழுத்தக் கூடாது. வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

கான்பூர் ரிவால்வருக்கு இன்னும் ஒன்று. அது மடங்கித் திறப்பதற்கான தாழ்ப்பாள் நெம்பு இடது பக்கம் இருக்கிறது. வலது இடுப்பில் வைத்தால் அந்தப் பக்கம்தான் உடம்பை ஒட்டி இருக்கும். வேறு ரிவால்வருக்குச் செய்த உறையில் இதைப் போட்டால் உறை விளிம்போ மேல்பட்டையோ அந்த நெம்பில் உட்காரும், அப்படி உட்காரக் கூடாது. வெளிநாட்டு மாடலுக்கென்று அச்சு வார்த்த கைடெக்ஸ் உறைகளில் நம்ம துப்பாக்கி உட்காராததும் இதனால்தான். கைடெக்ஸ் என்பது சூட்டில் இளக்கித் துப்பாக்கி மேலேயே அழுத்தி எடுக்கிற பிளாஸ்டிக் தகடு. அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட அதில் தெரியும். நம் மாடலுக்கே வார்த்துக் கொடுத்தால் அருமையான பொருள். வியர்வை ஏறாது, வாய் மடங்காது. அதன் திருகுகள் நடை அதிர்வில் தளரும் என்பதால் நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விட்டு முடுக்கி, மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் மூடிய காருக்குள் போட்டுவிட்டுப் போனால் வளையும்.

உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்

கடையில் நின்றபடி மாட்டி, கண்ணாடியில் பார்த்து, "சரியா இருக்கு" என்று வாங்கிவருகிறார்கள். நிற்கும்போது எந்த உறையும் கடிக்காது. தருமபுரியிலிருந்து ஓசூர் வரை உட்கார்ந்து போகிற ஒன்றரை இரண்டு மணி நேரம்தான் பரீட்சை.

இடுப்பைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். தொப்புள் 12, வலது இடுப்பெலும்பு 3, முதுகுத்தண்டு 6. 6 மணி இடத்தில் வைக்கவே கூடாது. வண்டியிலிருந்து மல்லாந்து விழுந்தால் இரும்பு முதுகெலும்பில் இறங்கும். 1 மணி இடத்தில் வைப்பது ஒல்லியான ஆட்களுக்குச் சரி. தொப்பை இருந்தால் உட்காரும்போது பிடி வயிற்றில் குத்தும், குழல் முனை தொடை மடிப்பில் அழுத்தும். தொடையின் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிற இடம் அது. அங்கே வைக்கிறவர் உறையின் வாயிலும் டிரிகர் மூடலிலும் கடுகளவு குறையும் பொறுத்துக்கொள்ளக் கூடாது. அடிப்பக்கம், உடம்பைத் தொடுகிற இடத்தில், ஆப்பு மாதிரி ஒரு ரப்பர் துண்டு ஒட்டினால் முனை வெளியே தள்ளும், பிடி வயிற்றோடு ஒட்டும். சின்ன வேலைதான், ஆனால் குத்தலில் பாதி போய்விடும்.

நடுத்தர வயது, நடுத்தரத் தொப்பைக்கு மூன்றரை மணி இடமே என் தேர்வு. இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் ஒரு பள்ளம் இருக்கும், விரல் வைத்துத் தேடினால் கிடைக்கும். ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கிற தடிமனான சிலிண்டர் அந்தப் பள்ளத்தில் உட்கார வேண்டும். எலும்பின் மேல் உட்கார்ந்தால் எந்தத் தோலும் காப்பாற்றாது. உறை நேராக நிற்காமல், பிடி முன்பக்கம் பார்த்து 15 டிகிரி சாய்ந்திருந்தால் பிடியின் அடிமுனை விலாவின் சரிவோடு போகும், குனிந்தாலும் சட்டையில் முட்டாது. உயரத்துக்கு ஒரு அளவு: பெல்ட்டுக்கு மேலே பிடி முழுவதும் கைக்குள் அடங்க வேண்டும், நடுவிரல் டிரிகர் வளையத்துக்கு அடியில் போக வேண்டும். அதைவிட மேலே ஏறினால் எடை பெல்ட்டைத் தாண்டி வெளியே சாயும். கீழே இறங்கினால் அவசரத்தில் இரண்டு விரல்தான் கிடைக்கும்.

கார் சீட்டில் 4 மணிக்கு மேல் பின்னால் போனால் சீட்டின் பக்கவாட்டு மெத்தை உறையை முன்னால் தள்ளும், பிடி விலாவில் ஏறும். நம் வண்டிகளில் சீட் பெல்ட் வலது தோளிலிருந்து வந்து இடது பக்கம் கொக்கியில் மாட்டுகிறது. ஓட்டுகிறவருடைய வலது இடுப்பின் மேல் அந்தப் பட்டை குறுக்கே போகும். உறையின் மேலேயே பட்டை விழுந்தால் ஒரு மணி நேரத்தில் கடிக்க ஆரம்பிக்கும். உட்கார்ந்ததும் சட்டையைச் சரிசெய்துவிட்டு, பட்டையைப் பிடிக்குக் கீழே, தொடை மடிப்பில் படுகிற மாதிரி இழுத்துவிட வேண்டும். விபத்தில் காப்பாற்றவும் பட்டை அங்கேதான் இருக்க வேண்டும், வயிற்றின் மேல் அல்ல.

வீட்டில் காலித் துப்பாக்கியோடு இரண்டு வாரம் மாட்டிப் பழக வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், அப்புறம் இரண்டு, நாலு. சம்மணம் போட்டுச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழ வேண்டும். பைக்கில் ஏறி இறங்க வேண்டும். நம் ஊர்க் கழிப்பறையில் பேன்ட்டைத் தளர்த்தினால் உறை பின்னால் கவிழும். அந்த நேரத்தில் துப்பாக்கியை எடுத்து ஜன்னல் திட்டில் வைக்கிறவர்கள் மறந்துவிட்டு வருகிறார்கள். உறையைவிட்டு எடுக்காமல், பெல்ட்டை முட்டிக்கு மேலே இறுக்கிப் பிடித்து உட்காரப் பழகுவதுதான் வழி. சொல்லக் கூச்சமான விஷயம், ஆனால் இதைச் சொல்லாமல் உறையைப் பற்றி எழுதுவதில் நேர்மை இல்லை.

வேட்டிக்காரர்கள் கேட்பார்கள். பர்ஸ் வைத்த பச்சை பெல்ட்டில், அந்தப் பர்ஸுக்குள்ளேயே துப்பாக்கியைச் செருகுவது நம் பக்கம் உண்டு. அதே பர்ஸில் சாவி, சில்லறை, செல்போன். சாவி முனை டிரிகர் வளையத்துக்குள் போக எத்தனை நேரம் ஆகும்? வேட்டிக்கு மேலே கனமான தோல் பெல்ட் கட்டி, வெளியே மாட்டுகிற பட்டையான உறையை அதில் கோத்து, முழுச்சட்டையை மேலே விடுவது ஒரு வழி. அதிலும் வேட்டியை மடித்துக் கட்டினால் செருகிய துணி உறையின் வாய்க்கு வந்துவிடும். என் அபிப்பிராயம் கேட்டால், துப்பாக்கி எடுக்கிற நாளில் பேன்ட் போடுங்கள். தோளில் மாட்டுகிற உறை வேண்டாம். அதற்குக் கோட் வேண்டும், நம் வெயிலுக்குக் கோட் ஆகாது, துப்பாக்கி படுக்கையாகத் தொங்குகிற வகை பின்னால் நிற்கிறவரையே குறிவைத்தபடி இருக்கும்.

பட்டை போட்ட தோல்

ஆயத்தமாகக் கிடைப்பது பொருந்தவில்லை என்றால் செய்யக் கொடுப்பதே நல்லது. கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் எட்டுகிற தூரம்தான். அங்கே குரோம் உப்பில் பதனிட்ட தோல் வேண்டாம், மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், 3 மில்லிமீட்டர் கனம். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், அச்சில் நிற்காது. பட்டைத் தோல் நனைத்து அழுத்தினால் அந்த வடிவத்தில் இறுகிவிடும். ஒரு காலத்தில் இங்கே தோலை ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடித்தார்கள். தருமபுரிக் கரட்டு மேடெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற அதே ஆவாரை.

தைக்கிறவரிடம் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், அரை நாளுக்குக்கூட. லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது. ஆசாரியிடம் சொல்லி அதே அளவில் வேப்பமரத்தில் ஒரு மாதிரி இழைக்கச் சொல்லுங்கள். சிலிண்டரின் தடிமனும் டிரிகர் வளையமும் சுத்தமாக வர வேண்டும். முன்குறி (குறிபார்க்கக் குழல் முனையில் இருக்கிற மேடு) இருக்கிற இடத்தில், குழலின் நீளத்துக்கு, ஒரு பென்சில் கனத்துக்குக் குச்சி ஒட்டுங்கள். உருவும்போது முன்குறி தோலைச் செதுக்காமல் வரும் பாதை அது. தோலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, கட்டையைச் செருகி, வழுவழுப்பான கரண்டிக் காம்பால் டிரிகர் வளையத்தைச் சுற்றித் தேய்த்து அழுத்தி, நிழலில் ஒரு நாள் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். தையல் மெழுகு நூலில், இரண்டு ஊசி போட்டு, அங்குலத்துக்கு ஆறு. உடம்புப் பக்கத் தோலை மட்டும் துப்பாக்கியின் சுத்திக்கு (பின்னாலிருந்து தோட்டாவை அடிக்கிற பாகம்) மேலே வரை உயர்த்தி விடச் சொல்லுங்கள். அது வியர்வையைத் தடுக்கும், சுத்தி முனை சதையைக் கீறாது.

புது உறை இறுக்கமாக இருக்கிறது என்று செருப்புக்குத் தடவுகிற மாதிரி விளக்கெண்ணெய் தடவிவிடாதீர்கள். இரண்டு மாதத்தில் வாய் தொங்கிவிடும், மேலே சொன்ன அந்தத் தோல் நாக்கு அப்படித்தான் உருவாகிறது. காலித் துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு ராத்திரி உள்ளே வைத்தால் போதும், தானாக இளகும்.

உள்ளே பனியன் போட்டு, அதைப் பேன்ட்டுக்குள் விட்டு, அதன் மேல் உறை. தோல் தோலைத் தொடக் கூடாது. கோடையில் சாயங்காலம் கழற்றும்போது உறையின் உட்பக்கத்தில் உப்புக்கோடு தெரியும். துப்பாக்கியின் இடது பக்கத்திலும் அதே உப்பு இருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். தினமும் எண்ணெய்த் துணியால் ஒரு துடை. ராத்திரி உறையில் வைக்காதீர்கள், தோலில் தங்கும் ஈரமும் பதனிட்ட அமிலமும் இரும்பைத் தின்னும். தோட்டாவைத் தோல் வளையங்களில் மாதக்கணக்கில் விட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பு கட்டும்.

தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது பலர் உறையோடு கொடுத்துவிட்டு வருகிறார்கள். திரும்பி வரும்போது குழலில் புள்ளி புள்ளியாகத் துரு. துப்பாக்கியை மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள், ரசீதில் நம்பரைச் சரிபார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். உறை வீட்டில், காற்றோட்டமான நிழலில் தொங்கட்டும். உள்ளே அந்த வேப்பங்கட்டையைச் செருகி வைத்தால் வாய் மூடாமல் இருக்கும்.